ஒரு லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர்

பெட்டிக்குள்ள ஏதோ ஒரு போன் அதிருது. என்னோடதா இருக்காது. என்னோடது கீழே விழுந்ததிலிருந்து அதிரும்போது ஒரு கரகரப்பு சேர்ந்து வரும், ஆனா அது மேசை மேல வச்சாத்தானே, இந்த அட்டைப் பெட்டியில பிள்ளைகள் போன் எல்லாத்துக்கும் அடியில கிடக்கும்போது கரகரப்பு எங்க தெரியப்போகுது, எல்லாப் போனும் ஒரே மாதிரிதான் முனகும். இப்ப அதிர்றது நின்னுட்டு. கம்ப்யூட்டர் பிராக்டிகல் எக்ஸாம்னா லேபுக்குள்ள யார் கையிலயும் போன் இருக்கக் கூடாது, இன்டர்னல் எக்ஸாமினருக்கும் அதே சட்டம்தான், நானே எல்லாருக்கும் முன்னாடி முதல் ஆளாப் போய்ப் போட்டுட்டு வந்தேன், பெரிய நியாயஸ்தி. வெளிக் காலேஜிலிருந்து வந்திருக்கிற உலகநாதன் சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், சார், ஒரு முக்கியமான கால் வரணும்னு. தங்கமான மனுஷன், எடுத்து வச்சுக்கோங்கம்மான்னு சொல்லிருவார். சொல்லிட்டு என்ன விஷயம்னு கேப்பார், கேக்கத்தானே செய்வார். என்னத்தைச் சொல்ல? என் கூடப் பிறந்தவ, கூடன்னா நிஜமாவே கூட, ஒரே நாள், ஒரே வயிறு, அவ முதல்ல நான் பின்னால, அவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு சார், நான் ஒண்ணு கொடுக்கிறதா இருக்கு, அதுக்கு முன்னாடி அவளுக்கு அது எதனால வந்துச்சுன்னு பாக்க ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பியிருக்காங்க, இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல சொல்றோம்னாங்க. பிறவியிலேயே உள்ள இருந்த நோய்னா எனக்குள்ளயும் அது இருக்கும், நான் கொடுக்க முடியாது. இடையில வந்ததுன்னா நான் நல்லா இருக்கேன், கொடுக்கலாம். இவ்வளவுதான் சார் விஷயம். இதைக் கேட்டுட்டு அவர் எல்லாம் நல்லபடியா முடியும்மான்னு சொல்வார். எது நல்லபடி? அதுதான் எனக்கே தெரியல.

மூணாவது வரிசை ஓரத்துல பேச்சித்தாய் திரையையே பாத்துக்கிட்டு இருக்கா. புரோகிராமுக்கு ரன் கொடுக்கா, பாக்கா, மறுபடி ரன் கொடுக்கா. திரும்பத் திரும்பக் கொடுத்தா மட்டும் மாறிருமா பிள்ளே, கம்ப்யூட்டருக்கு இரக்கம் எல்லாம் கிடையாது. போய்ப் பாக்கலாம், பாக்கிறதுக்கு எனக்கு உரிமை உண்டு, வாயைத் திறக்கத்தான் கூடாது. எந்திரிச்சு நடக்கிறேன். லேபுக்குள்ள செருப்பு போடக் கூடாதுன்னு எல்லாச் செருப்பும் வெளி வராந்தாவுல கிடக்கு, தரை சில்லுன்னு காலைக் கவ்வுது, யூபிஎஸ் ஒரே சீரா உறுமிக்கிட்டு இருக்கு. இந்தச் சில்லுப்பு என் காலுக்குத் தெரியுது, நல்லது, மரத்துப்போகல. கால் வீங்கினா முதல்ல செருப்பு வார்தான் சொல்லும்னு கூடப் பிறந்த வசந்தா சொன்னா. அன்னையிலிருந்து தினமும் காலையில கட்டிலை விட்டு இறங்குமுன்ன கணுக்காலுக்கு மேல கட்டை விரலை வச்சு அழுத்திப் பாக்கேன், குழி விழுந்து அப்படியே நிக்குதா, உடனே நிரம்புதான்னு. நிரம்பிருது. நிரம்பினாலும் மனசு ஆறல, இன்னொரு காலையும் அழுத்திப் பாக்கேன். சரி, பேச்சித்தாய்க்கு வந்த கேள்வி என்ன? ஒரு வகுப்பு மார்க்கை ஒரு லிஸ்ட்டுல வைக்கணும், மறுமதிப்பீட்டுக்கு அப்புறம் வந்த மார்க்கை இன்னொரு லிஸ்ட்டுல வைக்கணும், பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல காட்டணும். இவ என்ன பண்ணியிருக்கான்னா, புதுசு ஈக்வல் டு பழசுன்னு ஒரு வரி எழுதிட்டு, புதுசுக்குள்ள போய் மார்க்கை மாத்தியிருக்கா. இப்ப ரெண்டும் ஒண்ணுபோல நிக்குது. பழைய மார்க்கு எங்க போச்சுன்னு தேடுதா. எங்கேயும் போகல, அது இருந்த இடத்துலதான் நீ கையை வச்சே. வகுப்புல தொண்டை வறளச் சொன்னேனே, ஈக்வல் டு போட்டா காப்பி எடுத்துரும்னு நினைக்காதீங்க, அது ஜெராக்ஸ் கடை இல்ல, அது ஒரே வீட்டுக்கு இன்னொரு சாவி, ஒரு சாவிக்காரன் போய் நாற்காலியைத் தூக்கிட்டுப் போனா மத்தவன் வந்து பாக்கும்போதும் நாற்காலி இருக்காது. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. ஒருத்தன் மட்டும் கேட்டான், எண்ணை வச்சுப் பண்ணினா ஒழுங்கா வருதே மேடம்னு, ஏ அஞ்சு, பி ஈக்வல் டு ஏ, அப்புறம் பி ஆறு, ஏ அஞ்சாவேதான் இருக்குன்னு. நல்ல கேள்விதான். அஞ்சுங்கிற எண்ணுக்குள்ள போய் ஒண்ணையும் மாத்த முடியாதுப்பா, பிங்கிற பேரு அஞ்சை விட்டுட்டு ஆறைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு, அவ்வளவுதான், லிஸ்ட்டு அப்படியா, அதுக்கு உள்ளுன்னு ஒண்ணு இருக்கே, உள்ள போய் மாத்தலாமேன்னு சொன்னேன். உள்ளுன்னு ஒண்ணு இருக்கிறதுனாலதான் எல்லாத் தொல்லையும். பேச்சித்தாய் நிமிர்ந்து என்னைப் பாக்கா, கண்ணு கலங்கியிருக்கு. நான் முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு அடுத்த பிள்ளைகிட்டப் போறேன்.

எங்களை அம்மா வளர்த்ததும் அந்த ஈக்வல் டு கணக்குலதான். வசந்தமலர், ஞானமலர், பேருதான் ரெண்டு, அம்மா கையில நாங்க ஒரே பிள்ளை. ஒருத்திக்குக் காய்ச்சல்னா ரெண்டு பேருக்கும் நிலவேம்புக் கஷாயம். இரட்டைப் பிள்ளையில ஒண்ணுக்கு மருந்து கொடுத்து இன்னொண்ணை விட்டா நோய் அங்க தாவிரும்னு எங்க பக்கத்துல ஒரு நம்பிக்கை, அம்மாவும் அத்தனை பைபிள் வாசிப்பா, ஆனா இதை மட்டும் விட மாட்டா. டாக்டர் வசந்தாவுக்கு ஊசி போட்டா, இவளுக்கும் ஒண்ணு போட்டுருங்க சார்னு என் கையைப் பிடிச்சு இழுத்து நிறுத்துவா, அவர் சிரிச்சுக்கிட்டே சும்மா ஒரு சத்து ஊசி போட்டு விடுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எனக்கு ஒண்ணுமே இல்லன்னு கத்துவேன். இப்பவும் அதைத்தானே உள்ளுக்குள்ள கத்திக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு ஒண்ணுமே இல்ல. வசந்தா அழ மாட்டா. எனக்கு ஊசி போடும்போது அவ தன் கையைத் தடவிக்கிட்டு நிப்பா. சைக்கிள்லேருந்து விழுந்து அவளுக்கு மோவாயில, இந்த நாடியில, வெட்டு விழுந்தப்போ எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சந்தோஷம், இனிமே ஆளு தெரியும்ல. தெரிஞ்சுது. கோயில்ல பாஸ்டர் வீட்டு ஆயரம்மா கூட நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் பேரு சொல்வாங்க. அவ நாடி கிழிஞ்சு என் நாடி கிழியல பாத்தியா, அப்ப அவ வேற நான் வேற, அவளுக்கு ஆனது எனக்கு ஆகணும்னு இல்ல. அவ கணக்கு டீச்சரா தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டுப் போனா, நான் கம்ப்யூட்டர் படிச்சு இங்க பாளையங்கோட்டையில ஒண்டினேன். எனக்குப் பிள்ளைக பிறந்தாங்க, அவளுக்குப் பிறக்கல. எல்லாம் தனித்தனியாத்தான் ஓடுச்சு. அவளுக்குக் கால் வீங்கினப்போ நின்னு பாடம் நடத்துறதால இருக்கும்னா, நானும் ஆமான்னேன், எனக்கும் தானே வலிக்குதுன்னேன். அட பாவி, எனக்கு வலிச்சது வேற. கடைசியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்போ ரெண்டும் சுருங்கிப்போச்சுன்னு சொன்னாங்க, இந்த அளவுக்குச் சுருங்கின பிறகு எதனால வந்ததுன்னு சதையை எடுத்துப் பாத்தும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னாங்க. இப்ப வாரத்துக்கு மூணு தடவை மிஷின்ல ரத்தத்தைக் கழுவி ஏத்துதாங்க. அந்த மிஷினுக்காக இடது கையில நரம்பைச் சேர்த்துத் தைச்சு வச்சிருக்காங்க, அது மேல கையை வச்சா உள்ள கிர்ருன்னு ரத்தம் ஓடுறது தெரியும், வச்சுப் பாருட்டின்னு பிள்ளைக்குப் பொம்மை காட்டுற மாதிரி காட்டுவா. ஒரு கல்யாணத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தோம். பந்தியில பரிமாறின பொண்ணு என்கிட்டக் குனிஞ்சு, அம்மாவுக்கு மோர் ஊத்தவான்னு கேட்டா. அம்மாவுக்கு. வசந்தா சிரிச்சா. வேண்டாம்மா, அம்மாவுக்குத் தண்ணி கணக்கு உண்டுன்னு சொல்லிட்டு அப்பளத்தை ஒடிச்சா. எனக்கு அந்த இலையை அப்படியே மடிச்சுட்டு எந்திரிச்சு ஓடணும் போல இருந்துச்சு.

மறுபடி அதிருது. பெட்டி மேசையில லேசா நகர்ந்துகூடப் போகுது. உலகநாதன் சார் நிமிர்ந்து பாத்துட்டு, சைலண்ட்ல போடச் சொன்னா இதுகள் வைப்ரேஷன்ல போட்டிருக்குன்னு தனக்குத்தானே சலிச்சுக்கிறார். நான் சிரிச்சு வைக்கேன். என்னோடதா? எடுத்துப் பாக்கேன்னு சார்கிட்டச் சொல்லு, சொல்லு, வாயில கொழுக்கட்டையா. எனக்குப் பயமா இருக்கு. ஆமா, பயம்தான், இதுல மூடி மறைக்க என்ன இருக்கு. ரெண்டு பக்கமும் பயம். இருக்குன்னு சொன்னா நானும் அந்த மிஷின் பக்கத்துல ஒருநாள் கையை நீட்டிக்கிட்டுப் படுக்கணும். அது மட்டுமா, என் பிள்ளைக, வேண்டாம், அந்தப் பக்கம் போகக் கூடாது, அந்த நினைப்பைத் தொடக் கூடாது. இல்லன்னு சொன்னா என்னை மயக்கிப் படுக்கப்போட்டு விலாவுக்குக் கீழே கிழிப்பாங்க. மயக்கம் தெளியாமப் போனா? இருக்கிற ஒண்ணும் பின்னால கெட்டுப்போனா? வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொல்லல, வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேன், உன் இஷ்டம் ஞானம், பிள்ளைகளையும் நினைச்சுக்கோன்னு மட்டும் சொல்லிட்டுப் பேப்பரை விரிச்சாங்க. அன்னைக்கு டாக்டர் அறையில நடந்ததுதான் என்னை விட மாட்டேங்குது. பரம்பரையா இருந்தா நீங்க கொடுக்க முடியாதும்மா, உங்களுக்கும் அது உள்ள இருக்கும், இப்பவே மருந்து ஆரம்பிச்சு வருஷக்கணக்குல தள்ளிப்போடலாம்னு அவர் சொன்னார். முடியாதுங்கிற அந்த வார்த்தையைக் கேட்ட உடனே எனக்குள்ள என்னமோ ஒண்ணு இறங்கிச்சு. அப்பாடா. அந்தச் சொல்லுதான் வந்துச்சு, வேற சொல்லு இல்ல. தனக்கும் நோய் இருக்கும்னு கேட்டுட்டு எவளாவது அப்பாடான்னு நினைப்பாளா? வசந்தா பக்கத்து நாற்காலியில இருந்தா, அவ கேட்டிருக்க முடியாது, நினைப்பு எப்படிக் கேக்கும், ஆனா அவ திரும்பி என்னைப் பாத்தா. அந்த நேரத்துக்குத்தான் டாக்டர் கேட்டார், உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே காது மந்தமாகியிருக்கான்னு, அந்த நோய்ல சிலபேருக்குக் காதும் சேர்ந்து போகுமாம். இல்ல டாக்டர்னு வசந்தா சொன்னா. நானும் இல்லன்னேன். பஸ்ஸுல வரும்போதுதான் சுருக்குன்னுச்சு, தாசன் மாமா. அம்மாவோட கடைசித் தம்பி. வாசல்ல நின்னு கத்தினாத்தான் அவருக்குக் கேக்கும், கால் வீங்கிக் கல்யாணம் ஆகாமலே செத்துப்போனார், ஏதோ நீர் வியாதின்னு சொல்லிப் புதைச்சாங்க. மாமாவை மறந்துட்டோமேன்னு வசந்தாகிட்டச் சொன்னேன். அவ ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு, நான் மறக்கலட்டின்னா. தெரிஞ்சே இல்லன்னு சொல்லியிருக்கா, என் கிட்னி அவளுக்கு அத்தனை வேணும்னு இருந்திருக்கு, ஏன் இருக்காது, நான் அந்தப் படுக்கையில கிடந்தா சொல்லியிருப்பேனா? நானும் டாக்டர்கிட்ட மாமாவைச் சொல்லல. வீட்டுக்கு வந்தும் சொல்லல, மறுநாளும் சொல்லல, காலேஜ் வேலை தலைக்கு மேல இருக்குன்னு இருந்துட்டேன். டாக்டருக்குப் போன் பண்ணி மாமாவைப் பத்திச் சொன்னது அவதான். அதுக்கு அப்புறம்தான் இந்த ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பினாங்க. அவ ரத்தம் மட்டும்தான். ஒரே கருவுல பிரிஞ்ச இரட்டை, உங்களுக்குத் தனியா எடுக்க வேண்டாம், அவங்களுக்கு என்னவோ அதேதான் உங்களுக்கும்னுட்டாங்க.

பேச்சித்தாய் விடல. கண்ணைத் துடைச்சிட்டு, அந்த ஈக்வல் டு வரியை அழிச்சுட்டு, பழசு டாட் காப்பின்னு எழுதியிருக்கா. பரவாயில்லையே, ஞாபகம் வந்துட்டே. எனக்குக் கை தட்டணும் போல இருக்கு. ரன் கொடுக்கா. முகம் விழுந்துபோச்சு. எப்படி விழாது, லிஸ்ட்டுக்குள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லிஸ்ட்டு இருக்கே, தமிழ், கணக்கு, அறிவியல்னு. டாட் காப்பி வெளியில இருக்கிற கூட்டைத்தான் புதுசா எடுக்கும். உள்ள இருக்கிற சின்ன லிஸ்ட்டெல்லாம் பழசுதான், ரெண்டு கூட்டுக்கும் பொதுவாக் கிடக்கும். புதுசுல ஒரு பிள்ளையைச் சேர்த்தா பழசுல சேராது, அதைப் பாத்து நாமும் நிம்மதியா இருப்போம், அப்பாடா தனித்தனியாயிட்டுன்னு. உள்ள போய் ஒரு மார்க்கைத் தொட்டுப் பாரு, அங்கயும் மாறியிருக்கும். நாடியில விழுந்த வெட்டு வெளிக்கூடு. தூத்துக்குடி, பாளையங்கோட்டை, கணக்கு, கம்ப்யூட்டர், பிள்ளை உண்டு, பிள்ளை இல்ல, எல்லாம் வெளிக்கூடு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு எவன் கண்டான், தாசன் மாமா காதுல எழுதினது எங்க ரெண்டு பேருக்குள்ளயும் பொதுவாக் கிடக்கோ என்னவோ. உலகநாதன் சார் வைவா கேக்க அவகிட்டப் போய்ட்டார். அவ அழுதுரப்போறா. ஏம்மா ரெண்டும் மாறுச்சுன்னு மெதுவாத்தான் கேக்கார். பேச்சித்தாய் திரையைப் பாத்துக்கிட்டே சொல்லுதா, “வெளிய ரெண்டு சார். உள்ள ஒண்ணுதான்.” சார் மார்க்கைப் போடுறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். உள்ள ஒண்ணுதான்னா நான் எதுக்கு இத்தனை நாளா ரிசல்ட்டைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன்? இருக்குன்னு வந்தா கொடுக்க வேண்டாம், இல்லன்னு வந்தா கொடுத்தாகணும், எப்படியும் எனக்கு வேலை இல்ல, எவனோ பெங்களூருல உட்கார்ந்து நான் என்ன செய்யணும்னு முடிவு பண்ணிருவான், நான் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டு லேபுல நிக்கலாம். சீ. ரிசல்ட்டே வராதுன்னு வச்சுக்கோ ஞானம். எவனும் சொல்லப்போறதில்லன்னு வச்சுக்கோ. அப்ப நீ என்ன செய்வே? போன வாரம் அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாக்கு வறண்டு போச்சுட்டின்னா. தண்ணி கொடுக்கக் கூடாது, ஒரு ஐஸ் கட்டியை வாயில வச்சேன். கண்ணை மூடிக்கிட்டு அதை உருட்டி உருட்டிச் சப்பிக்கிட்டு இருந்தா. ஒரு சொட்டு கடைவாய் வழியா ஒழுகி நாடி வெட்டு வரைக்கும் வந்துச்சு, அதையும் விரலால வழிச்சு நக்கிக்கிட்டா. கணக்கு டீச்சர், பிள்ளைக எல்லாம் நடுங்கும் அவளைப் பாத்தா. கொடுப்பேன். ஆமா, கொடுப்பேன். பயம் போகல, விலாவுக்குக் கீழே இப்பவே கூசுது, ஆனாலும் கொடுப்பேன். அவளும் நானும் ஒண்ணுங்கிறதுக்காக இல்ல, அவ ஆளு வேற, தாகம் அவளுக்கு, தொண்டை அவளோடது, நான் இங்க பாட்டில் பாட்டிலாத் தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்கேன், அதனால கொடுப்பேன். யாரும் கேக்கல, கேக்காமலே சொல்லிக்கிட்டேன். சொன்ன பிறகு மூச்சு ஒழுங்கா வருது. இன்னைக்கே அவகிட்டச் சொல்லணும்.

சார்கிட்டப் போய்க் கேட்டுட்டேன். எடுத்துக்கோங்கம்மா, இதுக்கு என்னன்னுட்டார், விஷயம் என்னன்னு கேக்கவே இல்ல, நான்தான் வீணா மனுஷனை என்னென்னமோ நினைச்சேன். பெட்டிக்குள்ள கையை விட்டுத் துழாவுறேன், எல்லாம் சூடா இருக்கு. என்னோடது அடியில. எடுத்த கையோட அதிருது. வசந்தா. ஆஸ்பத்திரி இல்ல, வசந்தாவே. வராந்தாவுக்கு ஓடுறேன், தரை கொதிக்குது, செருப்பைத் தேட நேரம் இல்ல, ஒரு காலை மாத்தி ஒரு காலை வைக்கேன். சொல்லு வசந்தா, சொல்லுன்னா, அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்குது. அழுதிருக்கா, அழுது முடிச்சுட்டு மூக்கைச் சிந்திட்டுத்தான் கூப்பிட்டிருக்கா, எனக்கு அந்த மூச்சு தெரியும். சாப்பிட்டியாட்டின்னு கேக்கா. சாப்பிட்டேன், விஷயத்தைச் சொல்லுன்னு கத்துறேன். அப்புறம் நிதானமா, போர்டுல எழுதிப் போடுற மாதிரி ஒவ்வொண்ணாச் சொல்லுதா. ரிசல்ட் வந்துட்டாம். பரம்பரைதானாம். தாசன் மாமாவுக்கு இருந்ததும் அதாத்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாராம். உனக்கும் உண்டாம், நீ கொடுக்க முடியாது. எனக்கு ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சு வச்சிருக்காங்க, யாராவது செத்தவங்க கிட்னி கிடைக்கும், கிடைக்கிற வரைக்கும் மிஷின் இருக்கு. நீ தள்ளிப்போடாத, வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே டாக்டரைப் பாரு. பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போ, சின்னதுலயே தெரிஞ்சா நல்லதாம், பயப்படாத.

அந்த அப்பாடாவைத் தேடுறேன். உள்ள எங்கயாவது பதுங்கி இருக்கும்னு தேடுறேன். இல்ல. ஆத்திரம்தான் வருது. கொடுக்கிறேன்னு சொன்னேனே, இப்பத்தானே சொன்னேன், இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னேனே, அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கெல்லாம். கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிறேன். பிள்ளைக. ரெண்டு பேரும் இந்நேரம் பள்ளிக்கூடத்துல இருப்பாங்க, தண்ணி பாட்டிலைத் திறந்து குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது, அழுதுட்டேன், பெரிய சத்தமா வந்துட்டு, லேப் ஜன்னல்ல ஒரு பிள்ளை எட்டிப் பாக்கு.

“அழாதட்டி. உனக்கு இப்பமே தெரிஞ்சிட்டுல்லா. எனக்குத்தான் முன்னால சொல்ல ஆள் இல்லாமப் போச்சு. உனக்கு நான் இருந்தேன்லா.”

இவ என்ன மனுஷி. நான் கொடுக்கிறதாத்தான் இருந்தேன் வசந்தா, சத்தியமா, இப்பத்தான், நீ கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முடிவு பண்ணினேன். சொல்லணும்னு வாயைத் திறக்கேன். சொன்னா அவ நம்புவா, அதுதான் கொடுமை, என்ன சொன்னாலும் நம்புவா. ஆனா இனிமே இதை யாரு வேணும்னாலும் சொல்லலாம். கொடுக்க முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு, கொடுத்திருப்பேன்னு சொல்ல எனக்கு என்ன செலவு. நேத்துச் சொல்லியிருக்கணும். அந்த டாக்டர் அறையில, அவ திரும்பிப் பாத்தப்போ சொல்லியிருக்கணும். வாய் திறந்தபடியே நிக்கேன், உள்ள போன காத்துதான் வெளிய வருது.

“ஞானம். லைன்ல இருக்கியாட்டி?”

இருக்கேன்னு சொன்னேன்.